விடுவிப்பு என்றொரு சொல்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஜூலை 21.

அன்பு மகன் சேவியர்ராஜுக்கு, ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஹெலனும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாயிருக்க தினமும் செபமாலையில் உன் பெயரைச் சொல்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தைலம் தேய்க்கத்தான் மறந்துவிடுகிறாள். நேற்று போனில் ஹெலனிடம் கோபப்பட்டாய். நடந்ததை முழுதாக எழுதுகிறேன், படித்துவிட்டுக் கோபப்படு.

ஒன்பது வருடமாக மண்வளக் கணக்கெடுப்பு முகமையில் ஒப்பந்த வேலையில் இருந்தாள் அல்லவா, அவளோடு சேர்த்து நாற்பத்து மூன்று பேருக்கு ஏப்ரலில் ஓர் ஆணை வந்தது, பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள் என்று ஒரே வரி. அரசு அலுவலகத்தில் விடுவிப்பு என்றால் மாறுதல், ஓரிடத்தில் விடுவித்து இன்னோரிடத்தில் சேர்ப்பார்கள், இவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கூட வேலை பார்த்த சரிதா, புருஷன் ஊரான சங்ககிரிக்கே மாறுதல் கிடைத்துவிட்டது என்று ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாள். மாவட்ட அதிகாரியும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சார் நான் எங்க போயி சேரோணுங்க என்று அவள் கேட்டதற்கு, உங்க ஊட்டுலதாம்மா என்றாராம்.

இதையெல்லாம் விசாரிக்கத்தான், அரசு முகமைகளின் ஆட்குறைப்பை ஆராயும் சட்டமன்றக் குழு இந்த மாதம் பத்தாம் தேதி சேலம் வந்தது. ஏழு உறுப்பினர்கள், பதினான்கு வண்டிகள். பத்து மணிக் கூட்டம் பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. நான் பழைய பழக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நேரம் குறித்தேன், ஆட்குறைப்புக்கு அவர்கள் ஒதுக்கியது ஒன்பது நிமிடம். தலைவர் காகிதத்தைப் பார்த்து, பணிநீக்கம் எத்தனை பேர் என்று வாசித்தார். அதிகாரி எழுந்து, பணிநீக்கம் யாரும் இல்லீங்கய்யா, விடுவிப்புத்தான் என்றார். ரொம்ப சந்தோஷம் என்று தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். விடுவிச்சு எங்க போட்டீங்க என்று ஓர் உறுப்பினர் மட்டும் வாயைத் திறந்தார், பக்கத்திலிருந்தவர், அண்ணே சாப்பாடு ஆறுது என்றதும் மூடிக்கொண்டார். பிறகு கள ஆய்வு என்று பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போய் இரண்டு மணி நேரம் படம் எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வருடம் இப்படிப்பட்ட குழுக்களைப் பற்றிச் செய்தி எழுதியவன் சொல்கிறேன், திருடனைக்கூட மதிக்கலாம், அவன் தொழிலுக்காகக் கண்ணாவது விழிக்கிறான்.

குழுவிடம் சொன்ன பதிலுக்குக் காகிதம் வேண்டுமே, மறுநாளே முகமையிலிருந்து ஆளுக்கொரு படிவம் அனுப்பினார்கள். சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டேன் என்று அச்சடித்தது. கையெழுத்துப் போட்டால்தான் அனுபவச் சான்றிதழ். நாற்பத்திரண்டு பேர் போட்டுவிட்டார்கள், சரிதாவும்தான். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், வயிறு இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் மஸ்கட்டில் வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன், கையெழுத்துப் போடு என்றுதான் நேற்று நீயும் கோபப்பட்டாய், நல்ல எண்ணம்தான். நான் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. இன்று காலை அவள் சொந்த விருப்பத்தின் பேரில் என்பதை அடித்துவிட்டு, மேலே, என்னை நீக்கியதால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முகமைக்கு ஒன்றும் குழுத் தலைவருக்கு நகல் ஒன்றும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாள். உனக்கு எதுக்குடி இந்த வீம்பு என்று அம்மா அழுதாள். ஏம்மா, நானா ஆசைப்பட்டு வேலையை விட்டு வந்தேன் என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

குழு ஒன்றும் செய்யாது, அது எனக்குத் தெரியும். ஆனால் யாரையும் நீக்கவில்லை என்று அவர்கள் சட்டமன்றத்தில் வைக்கப்போகும் அறிக்கை இனிமேல் தெரிந்தே சொல்லும் பொய். தெரியாது என்று தலைவர் தப்பிக்க முடியாது.

ஆகவே அவளுக்குச் சான்றிதழ் வராது. அது கேட்காத வேலை அங்கே இருக்கிறதா என்று விசாரி, இல்லையென்றால் இல்லை என்று அவளிடமே நேராகச் சொல், மழுப்பாதே. தூரத்தில் இருந்தாலும் நாங்கள் இருவரும் உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறோம். வரும் ஞாயிறு போன் செய்யும்போது முதலில் ஹெலனிடம் பேசு, நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேள்.

உன் அப்பா,
உபகாரசாமி