பத்துப் பறவைக்கு ஒரு சிப்பி

786
லம்பா லைன், போர்ட் பிளேயர்
6.10.1968

அன்புமிக்க சிவஞானம் சாருக்கு நஜிமுதீன் சலாம்.

ஆண்டவன் அருளால் நானும் என் வீட்டுக்காரி சைனம்புவும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நீங்கள் நாகப்பட்டினத்துக்கு மாற்றல் வாங்கிப்போன ஏழு வருஷமாக நான்தான் எழுதுகிறேன். நீங்கள் தீபாவளிக்கு நாலு வரி போடுவதோடு சரி.

உள்ளான் பறவைகள் வந்துவிட்டன. இன்று காலை கடையை அடைத்துவிட்டுக் கழிமுகத்துக்குப் போனேன். நம் வழக்கப்படி பத்துப் பறவைக்கு ஒரு சிப்பி, பால் டின்னில். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது, திரும்பியவன் டீ வாங்கித்தர வேண்டும் என்ற சட்டத்தையும் விடவில்லை. ஒத்தை ஆளுக்கு எதற்குச் சட்டம் என்று சைனம்பு சிரிக்கிறாள். அந்த டீக்காக என் தம்பி உதுமான் படகில் நின்று என்ன கூத்தெல்லாம் அடிப்பான். "சார், தண்ணி ஏறுது, சார், முதலை" என்று.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அவன் இன்னும் கூப்பிடுகிறான், சார். இன்று இருபத்தோராவது சிப்பியைப் போட்டபோது, என் முதுகுக்குப் பின்னால், "பானி ஆ கயா" என்றான், தண்ணீர் வந்துவிட்டது என்று. நம்மிடம் அவன் என்றைக்கு இந்தி பேசினான்? அதுதான் விளங்கவில்லை.

உங்கள்
நஜிமுதீன்


நாகப்பட்டினம்
27.10.1968

பிரியமுள்ள பாய்க்கு,

இருமல் தேவலை. அது யாராவது பெங்காலிப் படகுக்காரனாக இருக்கும். காற்று அப்படித்தான் குரலைத் தூக்கிவரும், அல்லது அடித்துப்போகும். அன்றைக்கும் காற்றினால்தானே உதுமான் கூப்பிட்டது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால், என்னை அழைக்க அவன் படகை விட்டுக் கழியில் இறங்கியிருக்க வேண்டாம், வெள்ளம் அவனைக் கொண்டுபோயிருக்காது. எல்லாம் விதி. தயவுசெய்து இனி அங்கே தனியாகப் போகாதீர்கள்.

சிவஞானம்


போர்ட் பிளேயர்
24.11.1968

சிவஞானம் சாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தபின் மறுபடி போனேன். படகு ஒன்றுகூட இல்லை. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் நானும்தான். அதே குரல், அதே இந்தி. சைனம்பு நோன்புக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு அழுகிறாள். "போனவரத் தேடி இனிமே அந்தச் சேத்துக்குப் போனா நான் ஊருக்குக் கப்பல் ஏறிடுவேன்" என்கிறாள். அன்று அவனுக்குப் பக்கத்தில் இருந்தது நீங்கள்தான். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

நஜிமுதீன்


நாகப்பட்டினம்
10.12.1968

நஜிமுதீன் பாய்,

மூன்று தாள் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

காற்று என்று போலீசில் சொன்னது பொய். அவன் மூன்று தரம் கூப்பிட்டான். முதல் இரண்டு தரம் தமிழில், "சார், தண்ணி ஏறுது" என்று. டீக்குக் கூப்பிடுகிறான் என்று சிரித்துக்கொண்டேன். மூன்றாவது தரம், "பானி ஆ கயா." துறைமுகத்தில் நிஜமாக ஆபத்து என்றால் பெங்காலி, தெலுங்கர், மலையாளி எல்லாப் படகுக்காரரும் அப்படித்தான் கத்துவார்கள். துறைமுக ஆபீசில் நான் தினம் கேட்ட குரல் அது. எனக்கு உடனே தெரிந்தது. இன்னும் முப்பது நாற்பது பறவைதான் பாக்கி. திரும்பினால் கணக்குப் போய்விடும் என்று நின்றேன்.

அந்த மூன்றாவது குரலை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, பாய். நீங்கள் எங்கிருந்து கேட்டீர்கள்? உங்கள் முதல் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இங்கே கடற்கரைப் பக்கமே போகப் பயமாக இருக்கிறது. நான் அங்கே வரட்டுமா? வேண்டாம் என்றால் அதையாவது எழுதுங்கள்.

சிவஞானம்


போர்ட் பிளேயர்
5.1.1969

சிவஞானம் சார்,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. சைனம்புவிடம் காட்டவில்லை.

அவன் குரல் அன்று அக்கரையில் இருந்த எனக்கு எட்டவில்லை. ஆனால் கண் இருந்தது. நீங்கள் முகத்தைத் திருப்பாமல் இடது கையைத் தூக்கி, 'இரு' என்று காட்டினீர்கள். காதில் விழாதவர் எதற்குக் கை தூக்குவார்? அதைப் பார்த்துத்தான் அவன் கழியில் இறங்கினான்.

நீங்களாகச் சொல்வீர்கள் என்றுதான் ஏழு வருஷம் இருமலை விசாரித்துக்கொண்டிருந்தேன். உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதியதெல்லாம் பொய். இப்போது தராசைப் பிடித்தால் நிறுத்ததையே மறுபடி நிறுக்கிறேன். திரும்பக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். அதையும் சேர்த்துத்தான் நிறுக்கிறேன்.

உள்ளான்கள் வரும் செப்டம்பரில் வாருங்கள். அதற்குமுன் உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. அன்று நீங்கள் நின்ற அதே மணல்திட்டில் நின்று எண்ணுங்கள். அவன் படகு நின்ற இடத்தில் நான் நிற்பேன். கூப்பிடுவது நானாக இருந்தாலும் சரி, அவனாக இருந்தாலும் சரி, முதல் குரலுக்கே திரும்பிவிடுங்கள்.

நஜிமுதீன்