நேரில் பார்த்ததாகப் போட்ட கோடு

மார்ச் 3

தம்பிக்கு,

எல்லைக்கோடு நம் தெரு நடுவில் போகிறது. எல்லை ஆணையத்தின் வாசலில் ஒட்டிய வரைபடத்தை இன்று காலை நானே நின்று பார்த்தேன். வீடு புது நாட்டில். எதிர்வரிசை மருத்துவமனை பழைய நாட்டில். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் அங்கேதான். எண்பது அடி தூரம். இப்போது முள்வேலியைச் சுற்றிப் பத்தொன்பது கிலோமீட்டர், சோதனைச் சாவடியில் நாலு மணி நேரம். ஒரு முறை தவறிவிட்டது, கால் வீங்கியிருக்கிறது.

சாவடிக் காவலன் அம்மாவிடம் எந்த நாடு என்று கேட்டான். அம்மா சொன்னாள்: "பொறந்தப்ப ஒரு பேரு, கல்யாணத்தப்ப ஒரு பேரு, இப்ப உன் போர்டுல ஒரு பேரு. நான் வீட்டைவிட்டு நகரவே இல்லப்பா. நாடுதான் குடிமாறிக்கிட்டே இருக்கு." அவன் சிரிக்கவில்லை.

கால்வாய்தான் எல்லை என்பது ஒப்பந்தம். தெரு நடுவில் ஓடிய அந்தக் கால்வாயை மூடி ரோடு போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. புதுக் கால்வாய் நம் கொல்லைக்குப் பின்னால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. வரைபடத்தின் கீழே "நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்" என்று, நிலம் அளந்தவர் இடத்தில் உன் கையெழுத்து. என்றைக்கு வந்து பார்த்தாய்?

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

பஸ் ஸ்டாண்டுவரை வந்தேன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் "இனிமே இந்தப் படி ஏறாதே" என்று நீ சொன்னது நெஞ்சில் குத்தியது. திரும்பிவிட்டேன். பழைய வரைபடத்தை வைத்துக் கோடு போட்டேன். உண்மையை எழுதிக் கொடுத்தால் வேலை போகும், வழக்கும் வரும். "ஒரு கோடுதானேய்யா, பழகிடும்" என்கிறார் மேலதிகாரி. அம்மாவை மருத்துவமனைப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக் குடிவைத்தால் என்ன?

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

சொன்னது நான்தான். மறுக்கவில்லை. படி ஏறாதே என்றேன். தெருவுக்கு வராதே என்றேனா? என்மேல் உள்ள கோபத்துக்கு அம்மாவின் கால்தான் கிடைத்ததா? வீட்டை மாற்றச் சொல்ல உனக்கு வெட்கமாக இல்லை? நீ போட்ட கோட்டை நீ மாற்று.

ஆணையத்துக் குமாஸ்தா சொன்னது இது: அளந்தவரே தவறை ஒப்புக்கொண்டு மனுக் கொடுத்தால், முடிவு வரும்வரை தெருவைத் திறந்துவிடுவார்கள். கடைசி நாள் இருபதாம் தேதி, மாலை ஐந்து மணி. மனுவை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "நேரில் பார்க்கவில்லை" என்ற வரிக்குக் கீழே உன் கையெழுத்து மட்டும் பாக்கி.

அக்கா