நாலாம் நம்பருக்குப் போட்ட டிக்

நாத்தனாரே, ஒரு மானக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் திரை கறுப்பாகக் கிடந்தது. முந்தின நாள் அப்டேட் போட்டிருந்தேன், அதன் வேலை. நீ சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் நான் செய்யவில்லை. எதிர்க்கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி, பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் வைத்து மிதித்தேன். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார். செருப்பில் ஏதோ ஒட்டியிருந்தது என்று சமாளித்தேன். கையில் அந்த வாசனை மதியம் வரைக்கும் போகவில்லை. அந்த வாசனையோடுதான் நீ நினைப்பில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய்.

முதல்முறை திரை கறுத்தபோதும் இதையேதான் செய்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சென்னைக் கம்பெனி ஆளைக் குறைத்ததில் நீ பெட்டியோடு ஊர் திரும்பியிருந்த நேரம். பகலெல்லாம் அய்யாவோடு மிளகாய்க் காட்டில் பழம் எடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறித் தேவிபட்டினத்துக்கு என் கடைக்கு வருவாய். பிளக்ஸும் போட்டோவும் போடுகிற இடத்தில் பென்டிரைவ் வழியாக வைரஸ் ஏறி ஏறி நான் அழுததைப் பார்த்து, அது அவ்வளவாக அண்டாத லினக்ஸை ஏற்றிக் கொடுத்தவளே நீதான். வாசலில் நசுங்கிக் கிடந்த பழத்தைப் பார்த்துவிட்டு, "மதினி, இதுக்கு ஜூஸாவது போட்டுக் குடிச்சிருக்கலாம்" என்றாய்.

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். கர்னல் என்பது கம்ப்யூட்டரின் உடம்பு. படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டுக்கு உள்ள டிரைவர், அந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட். அப்டேட் போட்டால் உடம்பு மாறும். ஜாக்கெட்டை மறுபடி தைக்க வேண்டும். அதற்குப் பேர் பில்ட். என் கார்டோ பழசு. அதைச் செய்த கம்பெனி கைவிட்டுவிட்டது. யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று டிரைவரின் நிரலைப் பொதுவில் வைத்திருப்பதால், உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற நாலைந்து பேர் அதை இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தடவை அவர்கள் தைப்பதற்கு முன்னாலேயே கர்னல் மாறிவிட்டது. அதனால் பில்ட் நின்றுபோனது.

பில்ட் நின்ற இடத்தில் நூற்றுக்கணக்கான வரி ஓடிக் கிடந்தது. நான் கடைசி வரியைக் காட்டி, இங்கேதான் எர்ரர் என்று எழுதியிருக்கிறது என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அந்த ஒரு வார்த்தையைப் படித்ததற்கே பெருமைப்பட்டுக்கொண்டேன். நீ சிரித்தாய். "அது ஒப்பாரி மதினி. எழவு எங்கன விழுந்துச்சுன்னு மேல ஏறிப் பாக்கணும். மொத எர்ரர் எதுவோ, அதுதான் எர்ரர். மத்ததெல்லாம் அத நெனச்சு அழுகுறது." மேலே ஏறிப்போய் முதல் எர்ரரைப் பிடித்தாய். கர்னல் முன்பு மூன்று சாமான் கேட்ட இடத்தில் இப்போது இரண்டுதான் கேட்கிறதாம். இரண்டைக் கொடுத்தாய், திரை வந்துவிட்டது. டீ சொல்லட்டுமா என்று எழுந்தேன். நீ எழவில்லை. பழைய கர்னல் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் மூன்று வேண்டும், இரண்டை மட்டும் எழுதினால் அவர்கள் திரை கறுத்துப்போகும் என்றாய். எனக்கென்ன, என் திரை வந்தாயிற்று என்றேன். "பழச வச்சிருக்கவங்க யாரு மதினி? நம்மள மாதிரி ஆளுகதான்" என்றாய். டீயை என் காசில் உன் பக்கத்துக்கே வரவழைத்தேன். அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

அந்தத் திருத்தத்தில் உனக்கும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்கு ஒரு கம்பெனியில் பேசியிருந்தாய். இந்த மாதிரிப் பொது வேலையில் நீ செய்து, அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் ஒன்றாவது காட்டு என்று கேட்டிருந்தார்கள். உங்க அண்ணனோ, பங்குனிக்குள் ஆகாவிட்டால் கிடைக்கிற பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். உனக்குப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாது.

காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஆறு கர்னலின் நம்பரை எழுதி, ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டரை எழுப்பி, நீ எழுதிக்கொடுத்ததை எழுத்து எழுத்தாகத் தட்டி, படம் வந்தால் டிக் போடச் சொன்னாய். உன் லேப்டாப்பில் அந்தக் கார்டு இல்லை. என் பெட்டியில்தான் இருக்கிறது. நாளுக்கு ஒன்றாக மூன்று வரைக்கும் ஒழுங்காகச் செய்தேன். நாலாவது நாளில் கல்யாண போஸ்டர் ஒன்று அவசரமாக வந்தது, மதியம் கரண்டும் போனது. நாலுக்கு டிக் போட்டேன். மூன்று வந்தது, நாலு வராதா? அடுத்த நாள் ஐந்தையும் ஆறையும் செய்து முடித்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டால் வெறும் வயிற்றோடு இருந்துகொண்டே சாப்பிட்டேன் என்று சொல்கிற வீட்டில் வாக்கப்பட்டவள் நான். ஆச்சா என்று நீ ஃபோனில் கேட்டாய். ஆச்சு என்றேன்.

திருத்தத்தை அந்த நாலைந்து பேருக்கு நீ அனுப்பினாய். சோதித்தவர் என்று என் பேரை அப்பா இனிஷியலோடு எழுதி அனுப்பினாய். மூன்றாம் நாள் எந்த நாட்டிலிருந்தோ ஒருவர், நாலாவது கர்னலில் பில்டே ஆகவில்லை, சோதித்தது யார் என்று கேட்டு எழுதியிருந்தார். எல்லோரும் படிக்கிற இடத்தில் கேட்டிருந்தார்.

நீ மிளகாய் நெடியோடு கடைக்குள் வந்தாய். நான் போட்டோவை வெட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"மதினி, நாலுக்கு என்ன ஆச்சு?"

"டிக் இருக்குல்ல."

"டிக் இருக்கு. என்னைக்கு எந்தக் கர்னல்ல எந்திரிச்சோம்னு மிசினு அது பாட்டுக்கு எழுதி வச்சிருக்கு. நாலுல எந்திரிக்கவே இல்ல."

"உங்கண்ணன் நான் சொல்றத நம்பாத மாதிரி, இதும் வேவு பாக்குதாக்கும்" என்றேன். நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்தக் கம்பெனிக்காரர்களும் அதைப் படிப்பார்கள் என்பது எனக்கே உறைத்தது. என் பேரைப் போட்டு, படிக்காத மதினி செய்த வேலை என்று எழுதிவிடு என்றேன். நீ தட்டிவிட்டுத் தமிழில் படித்துக் காட்டினாய்: நாலாவதைச் சோதிக்காமலே சோதித்ததாக அனுப்பிவிட்டேன், தவறு என்னுடையது, திருத்தி மறுபடி அனுப்புகிறேன். நான் சண்டைக்கு வந்தேன். "நீங்க சொன்னத நான் பாக்காம அனுப்புனேன்ல மதினி. அப்ப அது எந் தப்புதான்" என்றாய். அனுப்பும்போது உன் விரல் கொஞ்சம்கூட நிற்கவில்லை.

ஆறையும் முதலிலிருந்து செய்தேன். நாலில் திரை கறுப்பு. கறுப்பு என்றே ஃபோனில் சொன்னேன். ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி, "சபாஷ் மதினி" என்றாய். கறுப்பாக வந்ததற்குச் சபாஷ் வாங்கியவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ நாலுக்குத் தனியாக ஒட்டுப் போட்டாய், ஆறிலும் டிக். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உன் பேருக்குக் கீழே என் பேர். ரேஷன் கார்டுக்கும் ஓட்டுப் பட்டியலுக்கும் அடுத்து என் பேர் ஏறிய இடம் அதுதான். வேலையும் வந்தது. தவறு என்னுடையது என்று நீ எழுதியதைக் கம்பெனிக்காரர்கள் படித்தார்களா இல்லையா என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. உங்க அண்ணனிடம் நீ அந்த டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய். ஒன்பதாம் நாள் நீ இல்லை. உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை இந்த மிசினில்தான் போட்டேன். கார்டு ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அன்றைக்காவது தடுமாறியிருக்கலாம்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். பழத்தை மிதித்து முடித்தபிறகு பழைய கர்னலில் எழுப்பினேன், படம் வந்தது. அதோடு என் பாட்டைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். போக முடியவில்லை. பில்ட் நின்ற இடத்தைத் திறந்து, ஒப்பாரியை எல்லாம் தாண்டி மேலே மேலே ஏறினேன். முதல் எர்ரரை ஃபோனில் படம் பிடித்து, ஃபோன் மொழிபெயர்த்த இங்கிலீஷோடு அதே இடத்துக்கு அனுப்பினேன். புதன்கிழமை ஒருவர் திருத்தத்தை அனுப்பி, ஐந்து கர்னலில் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். என் பேரை முன்பே பார்த்திருக்கிறாராம்.

காலண்டர் அட்டையை எடுத்தேன். ஒன்றில் வந்தது. இரண்டில் கறுப்பு. பேனா கையில் இருந்தது, கடையில் யாரும் இல்லை, கேட்க நீயும் இல்லை. இரண்டில் கறுப்பு என்று எழுதி அனுப்பினேன். நேற்று வேறு திருத்தம் வந்தது. ஐந்தையும் முதலிலிருந்து எழுப்பி, ஐந்திலும் படத்தைக் கண்ணால் பார்த்து, அதற்கப்புறம்தான் ஐந்து டிக். நீ என்னிடம் விட்டுப்போனது இவ்வளவுதான் நாத்தனாரே: பார்க்காததற்கு என் கை இப்போது டிக் போடுவதில்லை. வீட்டில்கூட, சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்கிறேன். உங்க அண்ணனுக்குத்தான் கஷ்டம், எழுந்துபோய்த் தோசை ஊற்ற வேண்டியிருக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில், உப்பூரிலிருந்து வந்து மத்தியானம் முழுக்கக் காத்திருந்தவருக்குக் காதணி விழா பிளக்ஸை ஒரே மூச்சில் அடித்துச் சுருட்டிக் கொடுத்து அனுப்பினேன். கர்னல் ஐந்தையும் சோதித்தேன். பிளக்ஸைச் சோதிக்கவில்லை. பிள்ளையின் படம் வர வேண்டிய பெரிய வட்டத்தில் தாய்மாமன் படமும், மாமனின் சின்ன வட்டத்தில் பிள்ளையும் போய்விட்டார்கள். மண்டபத்து வாசலில் கட்டியபிறகுதான் பார்த்திருக்கிறார்கள். மாமனுக்கு ஐம்பத்திரண்டு வயது. காது ஏற்கெனவே குத்தியிருக்கிறது.