மன்னிப்புக் கேட்டுப் போகிறவர்கள்

இல்லை, வறுமை இல்லை. மதம் மட்டும் என்றும் சொல்லமாட்டேன். உன்னைப் பற்றி யார் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றை என் வாயிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். சின்ன நாட்டுப் பிள்ளைகள் ஏன் தூரத்துச் சண்டைக்குப் போகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. திரையில் பெட்டிகள், அம்புக்குறிகள். பின்வரிசையில் இருந்து தேடினேன். ஒரு பெட்டியிலும் நீ இல்லை.

இன்று பின்னேரம் குசினியில் மாசிக் கருவாடு இடிக்கிற மணம். உன் தங்கை சம்பல் செய்துகொண்டிருந்தாள். சிரியாவில் நீ இறந்துவிட்டாய் என்று யாரோ ஒருவன் உன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னதிலிருந்து இந்த வீட்டில் மாசி இடிக்கவில்லை. நீ தியாகியாகிவிட்டாய் என்று வாழ்த்துச் சொல்வதுபோலச் சொன்னானாம்.

மாலைதீவில் பிறந்து, அம்மா தங்கையோடு கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்து பள்ளிக்கூடம் போனவன் நீ. இந்தக் கிளேட்டன் வீட்டின் முன்னறைக்கு வாடகைக்கு வந்த அன்றே தமிழில் பகிடி விட்டாய். அது 2009. வன்னியில் சண்டை முடிகிற நாட்கள். நான் ஊர்வலம் ஊர்வலமாகச் சிட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் நீயும் தேநீர்ப் போத்தலோடு கூட வந்தாய். திரும்பும் ரயிலில் சொன்னாய்:

"உங்களுக்கு நிக்கிறதுக்கு ஒரு சண்டையாவது இருக்கு, அக்கா."

"சண்டை என்ன சீதனமே, இல்லையெண்டு கவலைப்பட?"

"மாலைதீவெண்டு சொன்னா இங்க என்ன கேக்கிறாங்க தெரியுமா? ஹனிமூனுக்கு எவ்வளவு காசு முடியும் எண்டு."

சிரித்தேன். நீயும் சிரித்தாய். வரைபடத்தில் பேரை எழுதினால் நாடு மறைந்துபோகும் என்றும் சொல்வாய். அதுவும் பகிடியாகத்தான் கேட்டது.

பிறகு ஒருவரைப் பற்றிச் சொன்னாய். பெயர் சொல்லவில்லை. எங்கே சந்தித்தாய் என்றும் சொல்லவில்லை.

"அவர் மட்டும் ஹனிமூனைப் பத்திக் கேக்கல்ல, அக்கா. எந்தத் தீவு எண்டு கேட்டார்."

இந்த ஒரு வசனத்தை எந்த அம்புக்குறிக்குக் கீழே எழுதுவது? அவனுக்கு உன் பசி தெரிந்திருந்தது. பெரிய ஒன்றின் ஆளாக உன்னைக் கணக்கில் எடுத்தான். முதலில் தீவின் பெயர். பிறகு அம்மாவின் சுகம். பிறகு, நான் நினைக்கிறேன், ஒரு சண்டைக் காணொளி. நினைக்கிறேன் என்றுதான் எழுதமுடிகிறது. எனக்கு எதுவும் நிச்சயமில்லை.

போன வருடம் உம்ராவுக்குப் போவதாகச் சொன்னாய். மக்காவுக்குப் புறப்படுமுன் தெரிந்தவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது உங்கள் வழக்கம். யாருடைய மனக்குறையையும் பின்னால் விட்டுப் போகக்கூடாது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செய்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க, அக்கா."

"என்ர கறுவாத்தூளை முடிச்சதையுமோ?"

"அதையும்."

"சரி, போட்டு வா. மன்னிச்சிட்டன்."

நன்றாகத்தான் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன்.

மக்காவுக்கென்று போன நீ சிரியாவில் இறந்த செய்தி வந்தபின் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவன் மாறினானா? எப்போது? தாடி? நண்பர்கள்? நடுவில், குரல் மாறாமல்: 2009இல் நீங்களும் ஊர்வலங்களுக்குப் போனீர்களா? சந்தேகிக்கிற அந்தப் பார்வை ஊரிலேயே எனக்குப் பழக்கமானது. இப்போது அது என் கண்ணிலும் ஒட்டிவிட்டது. கடையில் உன் தங்கைக்குக் கதவைப் பிடித்துவிடுகிறவனைக்கூட நின்று பார்க்கிறேன்.

அவள் உன் அறையில்தான் இருக்கிறாள். படிக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. இன்று சம்பலை மூடிவைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"அக்கா, அடுத்த கிழமை உம்ராவுக்குப் போறன். கொழும்புக்குப் போய், அங்கயிருந்து மாமாவோட. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை..."

உன்னுடைய அதே சொற்கள். எல்லோரும் சொல்கிற சொற்கள்தான். அது எனக்குத் தெரியும்.

"டிக்கெட்டைக் காட்டு," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நீங்களுமா, அக்கா?"

"ஓம். நானும்."

போனில் காட்டினாள். போக ஒன்று, வர ஒன்று. வருவதற்கு உன்னிடமும் ஒன்று இருந்தது.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுங்க. சொல்லாட்டி நான் எப்பிடிப் போறது?"

"சொல்லமாட்டன். திரும்பி வந்து கேள். அப்ப சொல்லுறன்."

கோபத்தில் அழுதாள். கதிரையை இழுத்து அவளை இருத்தினேன். அவள் முன்னாலேயே மாலைதீவுத் தலைநகர் மாலேக்கு, உன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மாமாவோடு உம்ராவுக்குப் போவது உண்மையா என்று கேட்டேன்.

"ஓம் புள்ள, நான்தான் போகச் சொன்னேன். அவனுக்காக துஆக் கேக்கட்டும் எண்டு." பிறகு மெதுவாக: "ஏன் கேக்கிறீங்க? உங்ககிட்ட வேற ஏதும் சொன்னாளா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தாயின் குரலிலும் அந்தச் சந்தேகம் ஏறிவிட்டதைத் தங்கையும் கேட்டாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். யாராவது தன் நாட்டைச் சொன்னால், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிறேன். கேட்கும்போதே என்னையும் சந்தேகிக்கிறேன். எந்தத் தீவு என்று உன்னிடம் கேட்டவனும் இப்படித்தானே தொடங்கினான்.

இந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைத்தும் கொழும்புக்கு நான் ஒருமுறையும் திரும்பிப் போனதில்லை. அந்த ஊர்வலங்களுக்காக விமான நிலையத்தில் என்னைத் தனியாக இருத்திவைத்து, ஏன் வந்தாய், யாரைத் தெரியும் என்று கேட்பார்கள் எனப் பயம். கேட்கட்டும். மாமாவின் கையில் இவளைப் பிடித்துக் கொடுக்கவேண்டும்.

சம்பலைப் பாணோடு இருவரும் சாப்பிட்டோம். அதன்பின் அவளுடைய விமானத்திலேயே எனக்கும் ஓர் இருக்கை எடுத்தேன்.