சக்கைக் கொட்டகை

அம்மா,

இன்று காலை பஸ் ஸ்டாண்டு எதிரே கரும்புச்சாறு கடையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். நேற்றுப் பிழிந்த சக்கை கடைக்குப் பின்னால் சாக்கில் கிடந்து புளித்துக்கொண்டிருந்தது. சாறு குடிக்க நின்றவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசியாக நீ வேலைக்குப் போன நாட்களில் உன் புடவையில் அந்த வாடைதான் இருந்தது.

நான் கெமிஸ்ட்ரி முடித்த வருடம்தான் ஊருக்கு வெளியே அந்தச் சிறிய ஆலை வந்தது. மூடிப்போன பீங்கான் பட்டறையின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, டிராக்டர் டிராக்டராகக் கரும்புச் சக்கையைக் குவித்தார்கள். அந்தப் பட்டறையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்த நீ, அதே கூரையின் கீழ் சக்கை கிளறப் போனாய். எனக்கு லேபில் வேலை கிடைத்தது.

"கேட்டுல என்னப் பாத்தா பேசாத. சக்கை கிளர்றவ பொண்ணுன்னு தெரிஞ்சா உன்ன டீ வாங்க அனுப்புவானுங்க," என்றாய். எதிரே வந்தால் என்னை "மேடம்" என்பாய். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் நீ சொன்னபடியே நடந்தேன்.

"அந்தச் சக்கைய வச்சி என்னதான்டி பண்றீங்க?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாய். அமிலத்தில் வேகவைத்தால் நாருக்குள் இருக்கும் சர்க்கரை பிரிந்து வரும், ஈஸ்ட் அதைத் தின்று எரிசாராயமாக்கும், வடித்தெடுத்துப் பெட்ரோலில் கலக்கலாம், கரையாத மிச்சம் பாய்லரில் எரியும் என்றேன்.

"படிச்சிட்டு சாராயம் காய்ச்சறன்னு சொல்லு. உங்கப்பன் இருந்திருந்தா லேபுலயே வந்து குந்தியிருப்பான்." சிரித்துவிட்டுக் குரலை இறக்கினாய். "ஆனா அதுக்கு உசுரு இருக்குதுடி. உள்ள கை வுட்டா சுடுது."

எங்கள் ஈஸ்ட்டுக்கு முன்பே வேறு ஏதோ அதைத் தின்னத் தொடங்கியிருந்தது. குவியலுக்குள் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. கிளறினால் மாவாகப் பறக்கும். அதனால் நீங்கள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கிளறுவீர்கள்.

சக்கையின் ஈரத்தை அளப்பதுதான் என் வேலை. ஈரம் கூடினால் அமிலம் நீர்த்துப்போகும். நான் கொடுத்த கணக்கைப் பார்த்த மேலாளர், இனித் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு லேப் ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகைக்குள் தூசியில் ஆட்கள் தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

"ஈரத்தைக் குறைச்சு எழுதிடுறேம்மா, நீங்க தெளிங்க," என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொய் எழுதவா உன்ன படிக்க வச்சேன்? கண்டுபுடிச்சி அனுப்பிட்டாங்கன்னா? அத்தன வருசம் மண்ணுத் தூசியே என்ன ஒண்ணும் பண்ணல. கரும்பு என்னடி பண்ணப்போவுது?"

ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்துவிட்டு டிபி இல்லை என்றார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட அதைச் சொல்லி வந்தாய். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், எங்கே வேலை என்று கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "வூட்டு வேலதான் சார்." அவரை வெளியே பிடித்து உண்மையைச் சொன்னேன்; பூசணம் பிடித்த சக்கைத் தூசிதான் நுரையீரலைக் கெடுத்திருக்கிறது என்றார். உன்னை வேலையிலிருந்து நிறுத்தினேன். ஆனால் மூச்சு திரும்பவில்லை. அடுத்த மழைக்குள் அடுப்பிலிருந்து வாசலுக்கு வர நடுவில் ஓரிடத்தில் நீ உட்கார வேண்டியிருந்தது.

உன் காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று மேலாளர் முன் போய் நின்றேன். "தண்ணி தெளிக்கச் சொல்லுங்க சார். அந்தத் தூசியிலதான் எங்கம்மா செத்தாங்க."

"உங்கம்மாவா? இங்கயா வேலை பார்த்தாங்க?"

"சக்கை கிளறுனாங்க."

லேபில் எல்லாத் தலைகளும் திரும்பின. நான் தலை குனியவில்லை அம்மா. அவர் "பார்ப்போம்" என்றார்.

இன்னும் தெளிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வருடம் குவியல் கூரையைத் தொடுகிறது. உன் இடத்துக்கு நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும்.

நீ இருமிக்கொண்டிருந்த அந்த ஒரு வருடத்தில் என் காது ஒன்றைப் படித்துக்கொண்டது. ஆளைப் பார்க்காமலே இருமலைப் பிரித்துவிடுகிறது. நேற்று கொட்டகைக்குள்ளிருந்து கேட்டது சளி இல்லாத வறட்டு இருமல். உனக்கும் அப்படித்தான் தொடங்கியது.