சுலபமான ஏழாவது கேள்வி

ஜூன் 4

இன்று முதல் நான் ஆசிரியை. மாணவி, என் அம்மா, வயது நாற்பத்திரண்டு. பாடம், மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வு. நான் பத்தாம் வகுப்பு என்பது ஒரு குறையே அல்ல. ஐம்பத்திரண்டு பக்கத் தேர்வுக் கையேட்டை ஒரே மூச்சில் படித்து முடித்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். பதினான்கு வருடத்தில் நான்கு மேலாளர்கள் வந்து போய்விட்டார்கள். நால்வருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது அம்மா. நால்வரும் அம்மாவை அதட்டினார்கள். இப்போது அந்த நாற்காலி மறுபடி காலி. வார இறுதி மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தால் அம்மாவுக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பிக்க ஜூலை 31 கடைசி. அதற்குள் தேர்வில் முந்நூறுக்குக் குறைந்தது இருநூற்றுப் பத்து வாங்க வேண்டும்.

"தினம் ரெண்டாயிரம் படுக்கை விரிப்பு எந்த வார்டுக்குன்னு பிரிச்சு அனுப்பறேன். இந்தக் கணக்குல வர்ற எக்ஸ் என்னை என்னடீ பண்ணிடும்?" என்கிறாள்.

நிறையப் பண்ணும், அம்மா.

ஜூன் 9

இந்தத் தேர்வு ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கும். கணினிதான் கேட்கிறது. சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாக வரும். தப்பாகச் சொன்னால் சுலபமாக வரும். கடினமானதைச் சரியாகப் போட்டால் மதிப்பெண் ஏறும். ஆகவே "சுலபமா வந்தா பயப்படு" என்று மாணவிக்குச் சொல்லிவிட்டேன்.

கேள்விகளை அட்டைகளில் எழுதி, கடினம், நடுத்தரம், சுலபம் என்று மூன்று அடுக்காக வைத்தேன். கணினியின் வேலையை நான் செய்வேன். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று கண்ணாடி முன் பழகினேன். அப்பா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, பல் வலியா?" என்றார்.

ஜூன் 17

இருபதுக்குப் பதினேழு! எனக்கு இவ்வளவு கற்பிக்கும் திறமை இருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 26

அம்மாவிடம் ஓர் அரிய குணம் கண்டேன். ஒரு விடையில் விரலை வைப்பாள். நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். "இல்ல இல்ல, இது" என்று சரியான விடைக்கு மாறிவிடுவாள். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவி! எத்தனை ஆசிரியைகளுக்குக் கிடைக்கும்?

ஜூலை 2

இன்று தேர்வு. அம்மா மதிப்பெண்ணை ரத்து செய்துவிட்டாள்.

கடைசியில் திரை கேட்குமாம்: மதிப்பெண்ணைப் பதியவா, ரத்து செய்யவா? மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே பதில் சொல்லியாக வேண்டும். பதிந்தால் கல்லூரியும் பார்க்கும்.

"ஆறு கேள்வி தலையைச் சுத்த வச்சுது. ஏழாவதுல, பன்னெண்டு பழத்துல மூணுல ஒரு பங்கு எவ்வளவுன்னு கேக்குது. போச்சு, எல்லாமே தப்புன்னு நினைச்சேன். நீதானே சொன்ன, சுலபமா வந்தா பயப்படுன்னு? அதுக்கப்புறம் கேள்வியை எங்க படிச்சேன்? சுலபமா, கஷ்டமான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

என்னிடம் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜூலை 3

கையேட்டின் 38ஆம் பக்கம்: "சில கேள்விகள் சோதனைக்காகச் சேர்க்கப்படுபவை. அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. அவை எங்கும், எந்த அளவு கடினத்திலும் வரலாம்."

பக்கத்தில் பென்சிலில், அழகான கையெழுத்தில், "முக்கியமில்லை."

கையெழுத்து என்னுடையது.

ஜூலை 4

சொல்லிவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆபீசிலும் துணி, வீட்டிலும் துணி. பக்கத்தைக் காட்டினேன், பென்சிலையும் காட்டினேன். அழக் கூடாது என்று நினைத்தேன் — சரி, அதுவும் நடக்கவில்லை.

"நீ ஏன்டீ அழற? பரீட்சை எழுதினது நானு. நானும் ஒண்ணு சொல்லிடறேன். உன் அட்டையைப் பாதி நாள் நான் படிக்கவே இல்ல. உன் புருவத்தைத்தான் படிச்சேன். தப்பான விடைக்கு விரல் போனா உன் புருவம் மேல ஏறிடும். அங்க போனா புருவம் இல்ல, என்ன பண்றது?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "விடைத்தாளை மூஞ்சியிலயே ஒட்டி வச்சிருக்கீங்களே, டீச்சரம்மா!"

ஆக, அந்தப் பதினேழும் என் புருவங்கள் வாங்கியவை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, 44: ரத்து செய்ததை ஒரு மாதத்துக்குள் திரும்பக் கேட்கலாம். குறைவாக இருந்தாலும் அது கல்லூரியின் பார்வைக்குப் போகும் என்று எச்சரித்தேன். (இந்த முறை இரண்டு தடவை படித்துவிட்டு.) அம்மா யோசித்தாள். "போகட்டும். என்னன்னு தெரியாம என்னால இருக்க முடியாது."

ஜூலை 8

இருநூற்று நான்கு. ஆறு குறைவு.

நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். அம்மாவோ தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "கேள்வியையே ஒழுங்காப் படிக்காம இருநூத்தி நாலா?" குரலில் பெருமை. ஜூலை 25க்கு மறுபடி இடம் பதிந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

ஜூலை 13

புது முறை, மாணவி வகுத்தது. அடுக்குகள் கிடையாது, எல்லா அட்டையும் கலைத்தாகிவிட்டது. ஆசிரியை சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேள்வி வாசிக்க வேண்டும். திரும்பக் கூடாது.

இருபதுக்கு ஒன்பது. ஒன்பதும் அம்மாவுடையது.

ஜூலை 21

பதினைந்து. சுவரில் மூன்று விரிசல்கள் இருக்கின்றன.

ஜூலை 25

தேர்வு மையத்தின் வெளியே மூன்று மணி நேரம் நின்றேன். எதுவும் கேட்கக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன். அம்மா கதவைத் தாண்டியதும் கேட்டுவிட்டேன்: "சுலபமாம்மா, கஷ்டமா?"

நின்று யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "கவனிக்கலையேடீ. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது வந்துது, போட்டுக்கிட்டே போனேன்."

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் கழித்து, எதையோ மறந்துபோனவள் மாதிரி, "பதிஞ்சிட்டேன். இருநூத்திப் பதிமூணு" என்றாள்.

நான் கத்தியதில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 6, சனி

அம்மாவுக்கு முதல் வகுப்பு. அப்பாவும் நானும் மாலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தோம். ஆறரைக்கு வந்தாள். தோளில் புதுப் பை, கையில் தலையணை அளவுக்கு ஒரு புத்தகம்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"ஒண்ணுமே புரியல" என்றாள், வாயெல்லாம் பல்லாக.