ஊராட்சி அலுவலகத்தில் குடியிருப்பவர்

ஹோர்னி ப்ரோட்
6 மார்ச் 2023

அன்புள்ள லூபோர்,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உண்மையில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் மறுபடி ஒழுகுகிறது, என் வலது தோள் மேலே தூக்க வரமாட்டேன் என்கிறது, மார்ச் பிறந்தும் வாசலில் முழங்கால் அளவு பனி கிடக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நீ பெருமூச்சு விடுவாய், நான்காவது நிமிஷம் நான் கத்துவேன். ஏழு வருஷமாகப் பார்த்தாயிற்று. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஜனவரியில் கிர்யாக் வந்து பாய்லர் ஓட்டைக்கு மூன்றாவது தடவையாக வெல்டிங் வைத்தான். வைத்துவிட்டு, "மிலாதா அக்கா, இது இனிமே பாய்லர் இல்ல, சல்லடை. அடுத்த குளிருக்கு என்னைக் கூப்பிடாதீங்க, நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டான். போதாததற்கு அடுத்த வருஷம் முதல் இந்த மாதிரிப் பழைய கரி பாய்லரை எரிக்கவே கூடாதாம். ஆனால் வருமானம் குறைந்த வீடுகளுக்குப் புது பாய்லரை அரசாங்கமே கிட்டத்தட்ட முழுச் செலவும் கொடுத்து வைத்துத் தருகிறது. மரத்தூள் குச்சி எரிக்கிற ரகம். தொட்டியை நிரப்பிவிட்டால் நாலு நாளைக்கு அதுவே தின்று அதுவே எரியுமாம். பள்ளிச் சமையலறையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: வீட்டில் எத்தனை பேர்? இரண்டு என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை, கை எழுதிவிட்டது. அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரும் இந்த விலாசத்துலதான் பதிஞ்சிருக்கு. அவரோட ஜெர்மனி சம்பளத்தையும் சேர்த்தா நீங்க ஏழை இல்லியே."

"அவர் இங்க இல்லம்மா. அங்க வேலை செய்யறார்."

"ஆள் இல்லாம இருக்கலாம். பேர் இருக்கே."

"நான் ஒண்ணுன்னு எழுதியிருந்தா?"

"எழுதினாலும் இங்க ரெண்டுதான் காட்டும். விவாகரத்து ஆயிடுச்சா?"

"இல்ல."

"பிரிஞ்சு இருக்கீங்களா?"

"வேலைக்குப் போயிருக்கார்னு சொன்னேனே."

"எத்தனை வருஷமா?"

ஏழு என்றேன். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். ஏப்ரல் முப்பதுக்குள் நீ இங்கே வந்து, நம் ஊராட்சி அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி, இந்த வீட்டிலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டும். நேரில்தான் வர வேண்டும். கட்டியவள் போய்ப் புருஷன் பெயரை அடிக்க முடியாதாம்.

பிளம் ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். நம் பெண் இவெத்தாவுக்கு ஜூனில் இரண்டாவது குழந்தை. அவளுக்காவது ஒரு போன் பண்ணு. அவளிடம் பெருமூச்சு விடாதே.

உன்
மிலாதா

ரேகன்ஸ்புர்க்
21 மார்ச் 2023

என் மிலா,

ஜாம் வந்தது. ஒரு பாட்டிலை என்னோடு அறையில் இருக்கிற ஸ்லோவாக்கியாக்காரன் கரண்டியால் வழித்தே முடித்துவிட்டான். "உன் பொண்டாட்டி இப்படிச் செய்வாள்னா நீ ஏன்யா இங்க கிடக்கிற?" என்று கேட்கிறான். இன்னொரு பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஒழுகுவது பின்பக்கம் கீழே தகடுகள் சேருகிற தையலில்தான் இருக்கும். அது தொண்ணூற்று நாலில் நாம் கொண்டுவந்த அன்றே விழுந்த சிராய்ப்பு. உன் அண்ணனும் நானும் இன்னும் இரண்டு பேரும் நிலவறைக்கு இறக்கும்போது மூன்றாவது படி உடைந்து அது சுவரில் மோதியது, நினைவிருக்கிறதா? நீ மேலே நின்று, "ஆளைப் பிடிங்க, இரும்பு போனா போகட்டும்" என்று கத்தினாய். கீழ்க் கதவை இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்காதே. திறந்தால் கரும்புகை வரும், தையலும் சூட்டில் விரியும்.

பெயர் விஷயம். எடுத்த பெயர் எங்கே போகும் என்று அந்தப் பெண் சொன்னாளா? போக வேறு விலாசம் இல்லாதவன் பெயர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகும். என் அட்டையில் அந்தக் கட்டடத்தின் எண்ணை அடித்துக் கொடுப்பார்கள். அங்கே 'குடியிருப்பவர்கள்' யார் யாரென்று உனக்குத் தெரியும். மனைவி துரத்திய வென்சல், ஜெயிலுக்குப் போய்வந்த பெக்கர் சகோதரர்கள். காகிதத்தில் இருபத்துமூன்று பேர் ஒரே அறையில் வசிக்கிறார்கள், ஒருத்தனுக்கும் தலையணை கிடையாது என்று நானே எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது இருபத்துநாலாவது ஆளாகப் போகச் சொல்கிறாய்.

இங்கே எனக்குக் கம்பெனி விடுதியில் பதினாலாம் எண் கட்டில். அது விலாசம் ஆகாது. அட்டையில் ஹோர்னி ப்ரோட், எண் 88 என்று இருப்பதைச் சில நாள் எடுத்துப் பார்ப்பேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருஷம் வரை தள்ளிப்போட முடியாதா? நானே ஒரு பாய்லர் வாங்கிவிடுகிறேன்.

லூபோர்

ஹோர்னி ப்ரோட்
2 ஏப்ரல் 2023

அன்புள்ள லூபோர்,

அடுத்த வருஷம் என்று நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டேன். கூரைக்கும் அடுத்த வருஷம் சொன்னாய். திரும்பி வருவதற்கும் அதையேதான் சொன்னாய், முதலில் மாதக்கணக்கில், பிறகு வருஷக்கணக்கில்.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், நீ கேட்டதில்லை. காலை ஐந்துக்குப் பதினாலு படி இறங்குகிறேன். சாம்பலை அள்ளுகிறேன், வாளியை இடது கையால் மேலே கொண்டுவருகிறேன், கரி இரண்டு வாளி கீழே கொண்டுபோகிறேன். பற்றவைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். மூன்று மணிக்கு வந்தால் அணைந்திருக்கும், மறுபடி அதே கதை. செவ்வாய்க்கிழமை புகை வெளியே போகாமல் நிலவறை முழுக்க நிறைந்துவிட்டது. உடைந்த அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்து இருமினேன், இருமி முடித்தும் எழுந்திருக்கவில்லை. எழுந்து எதற்கு என்று இருந்தது. பயப்படாதே, பிறகு எழுந்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு சூப் அரை மணி நேரம் தாமதம்.

நீ இங்கே இல்லை. உன் சம்பளம் மட்டும் காகிதத்தில் இந்த வீட்டில் குடியிருக்கிறது. அது ஒரு வாளி கரி தூக்கித் தந்ததில்லை.

உனக்கு அந்த எண் எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. ஆனால் நான் கேட்பது பெயரைத்தான், ஆளை அல்ல. ஆளைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன், நீ கவனிக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வருவதில்லை லூபோர், களைப்புதான் வருகிறது.

எந்த நாள் வருகிறாய் என்று எழுது. பன்றியிறைச்சியும் முட்டைக்கோஸும் வேகவைத்து வைக்கிறேன். ரொட்டி உருண்டையும்தான்.

உன்
மிலாதா

ரேகன்ஸ்புர்க்
29 ஏப்ரல் 2023

மிலா,

அலுவலகத்தில் சொல்லி உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். புதன்கிழமை வந்தேன். பெயரை எடுத்தாயிற்று.

பதினொரு நிமிஷ வேலை. அங்கே இருந்தது புதுப் பெண், என்னைத் தெரியாதவள். "எங்க மாறிப் போறீங்க ஐயா?" என்றாள். எங்கேயும் இல்லை என்றேன். "அப்ப எங்க விலாசம்தான் உங்க விலாசம். தபால் வந்தா இங்கயே வாங்கிக்கலாம். திங்களும் புதனும் மட்டும் திறந்திருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்ல பெண். பழைய விலாசம் இனிச் செல்லாது என்பதற்கு அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துக் கையில் கொடுத்தாள்.

அதன்பிறகு நம் வீட்டு வாசல் வரை வந்தேன். சமையலறை விளக்கு எரிந்தது. புகை கருப்பாக வந்தது, கீழ்க் கதவை நீ அதிகம் திறந்து வைத்திருக்கிறாய். முட்டைக்கோஸ் வாசனை தெரு வரைக்கும் வந்தது. கையில் சாவி இருந்தது. ஆனால் எடுத்துப் போட்டுத் திறப்பதா, மணி அடிப்பதா என்று தெரியவில்லை. சாவி போட்டால், சற்றுமுன்தானே இந்த வீட்டில் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். மணி அடித்தால் நீ கதவைத் திறந்து, முன்கட்டில் என்னை விருந்தாளி மாதிரி நிற்கவைத்து, வீட்டுக்குள் போடுகிற செருப்பை எடுத்துக் கொடுப்பாய். அதை என்னால் தாங்க முடியாது. சிரிக்காதே, கால் மணி நேரம் நின்றேன். எதிர்வீட்டு நாய் குரைத்துக் களைத்துப் படுத்துவிட்டது. ஐந்து நாற்பது பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

சாவியை இதோடு வைத்திருக்கிறேன். நான் நல்லவனாக இருந்திருக்கலாம். மன்னித்துவிடு.

லூபோர்

ஹோர்னி ப்ரோட்
15 அக்டோபர் 2023

அன்புள்ள லூபோர்,

ஐந்தரை மாதம் கழித்து எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்தபோது எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைதான் எழுதியிருப்பேன். நீ நாள் சொல்லவில்லையே, அதனால் அந்த வாரம் முழுக்கத் தினமும் முட்டைக்கோஸ் வேகவைத்தேன். ஐந்து நாள். மிச்சத்தை எதிர்வீட்டு நாய்க்குப் போட்டேன், அதற்கும் சலித்துப்போனது.

ஜூனில் அனுமதி வந்தது. அதே மாதம் பேத்தியும் வந்தாள், பெயர் ஆதேலா, உன் மூக்கு. செப்டம்பரில் கிர்யாக் பழையதை இறக்கினான். அதாவது மேலே ஏற்றினான். முதலில் புகைக்குழாயோடு இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும் என்பது விதி, பக்கத்தில் என்னையும் நிற்கச் சொன்னான். இருபத்தொன்பது வருஷம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அதோடு எடுத்த ஒரே படம் அதுதான். நாலு பேர் தூக்கினார்கள். மூன்றாவது படியருகே வந்ததும், "ஆளைப் பிடிங்க" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது வீடு முழுக்கச் சூடு. மாடி அறையில்கூட ரேடியேட்டரைத் தொட முடியவில்லை. தொட்டியில் குச்சிகள் சரிகிற சத்தம் கேட்டு முதல் வாரம் கீழே யாரோ இருக்கிறார்கள் என்று இறங்கிப் பார்த்தேன். ஐந்து மணிக்கு இன்னும் விழிப்பு வருகிறது, செய்ய ஒன்றும் இல்லாமல் படுத்திருக்கிறேன். தோள் கொஞ்சம் பரவாயில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நீ பெயரை எடுத்தது தெரிந்த மறுநாள் நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் குறையவில்லை லூபோர். ஒரு செருப்புகூட இடம் மாறவில்லை. அதற்குத்தான் அழுதேன்.

பாய்லர் கணக்கெல்லாம் முடித்த பிறகு மாவட்ட அலுவலகப் பெண் சொன்னாள், "இனிமே யார் பேரை வேணும்னாலும் பதிஞ்சுக்கலாம்மா, நாங்க கேக்க மாட்டோம்." படிவம் கொடுத்தாள். உன் பெயரை எழுதி, என் கையெழுத்தும் போட்டேன். ஆனால் அதை உனக்கு அனுப்பவில்லை. பெயரை வைத்து ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியாயிற்று. இனி ஆள் வந்தால்தான் பெயர்.

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு வா. மணி அடிக்காதே. சாவி போட்டுத் திற, நேராகச் சமையலறைக்கு வா, உன் நாற்காலி ஜன்னல் பக்கம் இருக்கிறது. செருப்பை நீயே தேடி எடுத்துக்கொள்.

உன்
மிலாதா

ஹோர்னி ப்ரோட்
14 ஜனவரி 2024

லூபோர்,

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை அக்டோபர் இருபத்துநாலாம் தேதியே உன் கையெழுத்தோடு வந்துவிட்டது. ஆகவே சாவி கிடைக்கவில்லை என்று நான் என்னையே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கெண்டை மீன் வாங்கினேன், சின்னதாகத்தான். வழக்கம்போல எதிர்பாராத விருந்தாளிக்கு என்று ஒரு தட்டு கூடுதலாக வைத்தேன். பாதி சாப்பாட்டில்தான் உறைத்தது, உனக்கென்று தனியாக இன்னொரு தட்டு வைக்கவில்லை. விருந்தாளித் தட்டைத்தான் உன் தட்டு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதன்பிறகு நிம்மதியாக முழு மீனையும் நானே சாப்பிட்டேன்.

மறுநாள் இவெத்தா குழந்தைகளோடு வந்தாள். மூத்தது வெறுங்காலோடு வீடு முழுக்க ஓடியது. "அம்மா, இந்த வீட்டுல இவ்ளோ சூடு நான் பார்த்ததே இல்ல" என்றாள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் காபி குடித்தாள். அப்பா எப்படியிருக்கிறார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாளை கிர்யாக் வந்து வாசல் பூட்டை மாற்றுகிறான். சத்தியமாகக் கோபத்தில் இல்லை. தினமும் வேலைவிட்டு வரும்போது, கதவு திறந்திருக்குமோ என்று திருப்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வருகிறேன். எனக்கு ஐம்பத்தேழு வயது, கழுத்து வலிக்கிறது. உன் கையில் இருக்கும் சாவியைத் தூக்கிப் போட்டுவிடு. படிவத்தைக் கிழித்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ எழுதினால் பதில் போடுவேன். மரத்தூள் குச்சி இருபது மூட்டை இருக்கிறது, மார்ச் குளிர் வரைக்கும் கவலையில்லை. தோளுக்குத் தைலம் தேய்க்கிறேன். உன் முதுகுக்கும் ஏதாவது தேய்த்துக்கொள்.

இந்தப் பக்கம் வந்தால் பார்க்காமல் போகாதே. வீடு சூடாகத்தான் இருக்கும். மணி அடி, வந்து திறக்கிறேன்.

மிலாதா